மேகம் மூடிய பெண்கள்

போன மாதம் மதுரையில் ஒரு கூடத்தில் என் படங்களை மாட்டியிருந்தார்கள். கிழிந்த ஏலக்காய்ச் சாக்குகளைப் பிரித்து, எனாமல் பெயிண்டில் வரைந்தவை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இந்த வயதில் ஒளிந்து நிற்பது வெட்கம்தான். முன்னால் நிற்பது அதைவிட வெட்கம். தாடிக்காரத் தம்பி ஒருவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். “ஏம்மா, ஒரு பொம்பளைக்கும் தலையே இல்ல?” பெரிய பதிலாக எதிர்பார்த்திருப்பார். “மேகம் வந்துருச்சு தம்பி” என்றேன். சிரித்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

ஆனால் உண்மை அதுதான். அப்பா போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினார். அம்மா அதே ஜீப்பில் போய்க் காய் பறித்துத் திரும்புவாள். பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாள். ஏலச்செடி பார்த்திருக்கிறீர்களா? இலை ஆளை மறைக்கும் உயரத்தில் இருக்கும். காய் மட்டும் காலடியில், மண்ணில் படர்ந்த சரத்தில் கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்த பெண்கள் சாயங்காலம் சாக்கோடு இறங்கியபோது மேகம் மூடியது. அண்ணாந்து பார்த்தேன். தோளுக்கு மேல் யாருக்கும் ஒன்றும் இல்லை. வீறிட்டேன். “இங்கனதான்டி இருக்கேன், நட வெரசா” என்று அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

பள்ளியில் ‘என் குடும்பம்’ வரையச் சொன்னார்கள். நான் வரைந்ததைத் தூக்கிக் காட்டி, “தலைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?” என்று கேட்டார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அதன்பின் பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்தான் என் நோட்டு. கரி, மஞ்சள், சொட்டு நீலம். கழுத்தில் இலை முளைத்த பெண்கள், பாதத்திலிருந்து காய்ச்சரம் ஓடும் பெண்கள், கால் முளைத்து மலை ஏறும் ஜீப்பு. வளர்ந்த பிறகும் விடவில்லை.

ராசிங்காபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்த அன்று காலையில் ஓடு ஒழுகியது. பீரோவை நகர்த்தினோம், திருப்பி வைக்க மறந்தோம். வீட்டைச் சுற்றிப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டார்.

“இது யாரு கிறுக்குனது?”

“நாந்தான்.”

அவர் அப்பா பக்கம் திரும்பி, “பொண்ணுக்குக் காத்துக் கருப்பு எதுவும் அண்டியிருக்கா?” என்றார். கேசரியை யாரும் தொடவில்லை.

அப்பா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். அன்றைக்கே சுண்ணாம்பு கரைத்து, அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார். மறுநாள் சோறு கொண்டுபோனேன். ஜீப் ஸ்டாண்டில் அவர் தலைமுடியெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். இன்னொரு டிரைவர், “என்னண்ணே, வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சா? அப்ப பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு!” என்றார் சந்தோஷமாக. “ம்… பாப்போம்” என்று சொல்லிவிட்டு, அப்பா ஆள் ஏறாத ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார். தூக்குவாளியோடு நின்ற எனக்குக் காது கொதித்தது.

செய்தி பரவியது. வேறு யாரும் பெண் கேட்டு வரவில்லை. ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனேன். கிழிந்த சாக்கை அடுப்பெரிக்க என்று வாங்கிவந்து, அப்பா மலையேறிய நேரத்தில் வரைந்து, பரணில் சுருட்டி வைத்தேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்றானதும் கைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சாக்கில் மலையே சேலை கட்டி நடந்தது.

வண்டியை விற்று வீட்டோடு ஆன பிறகு ஒரு மத்தியானம் அப்பா கேட்டார். “ஆத்தா, இப்பல்லாம் வரையிறதில்லையோ?”

நான் முறத்து அரிசியில் கல் பொறுக்கக் குனிந்தேன்.

“அந்தச் சுவத்துல ஒருத்தி சாக்கை எடது இடுப்புல வச்சிருந்தா. உங்கம்மா அப்படித்தான் தூக்குவா. பாதி அடிச்சப்பறந்தான் தெரிஞ்சுச்சு.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நிறுத்தியிருக்கலாம். ஊரு என்ன சொல்லுமோன்னு மீதியவும் அடிச்சுப்புட்டேன்.”

பரண் தலைக்கு மேலேதான் இருந்தது. எழுந்து ஒரு சாக்கை இறக்க எனக்குக் கூச்சம் விடவில்லை. காப்பி போடப் போய்விட்டேன்.

அப்பா போனபின் பரணைக் காலிசெய்ய வந்தவர்கள்தான் சாக்குகளைப் பார்த்து மதுரை வரை கொண்டுபோனார்கள். இப்போது வீட்டில் எல்லாச் சுவரிலும் வரைகிறேன். மறைப்பதற்குத்தான் ஆள் இல்லை.