இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்

டெபோரா டீச்சர் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே குடும்ப ஆலோசனையில் பட்டயம் வாங்கியிருந்ததால், கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளைச் சபைக் குருவானவர் அவரிடம்தான் அனுப்பிவைப்பார். அதைக் கேள்விப்பட்டு, மலேசியாவில் ஈப்போ பக்கத்திலிருந்த சின்ன வேதாகமக் கல்லூரி ஒன்று, மண வாழ்க்கை ஆலோசனையை எங்கள் மாணவர்களுக்கும் தமிழில் சொல்லித்தர முடியுமா என்று கேட்டது. அப்படித்தான் சனிக்கிழமை காலைகளில் இணையவழி வகுப்புக்காக வீட்டின் முன்னறை வகுப்பறையானது. அவர் கணவர் சத்தியநேசன் அந்த நேரம் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்.

டெபோராவுக்கு இயல்பாகவே பயம் அதிகம். வகுப்பு முடிந்த பிறகு, சொன்னதையெல்லாம் மனதில் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று துணி காயப்போடும்போதுகூட யோசனை ஓடும்.

மாணவர்களில் டார்லின் என்றொரு பெண் இருந்தாள். திசையன்விளைக்காரி. மலேசியாவில் மளிகைக்கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். ஊர்ப் பேச்சு கேட்கிறதே என்று டீச்சருக்கு அவள்மேல் தனிப் பிரியம். கணவன் மனைவி சண்டையைப் பற்றிப் பாடம் நடந்த அன்று டார்லின் கேட்டாள்:

“டீச்சர், ஒரு பொண்ணு வந்து, மாப்பிள்ளை அடிக்காருன்னு சொன்னா என்ன சொல்லணும்?”

டெபோரா பாடத்தில் இருந்ததையே சொன்னார். ஒருவர் பேச்சைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. இருவரையும் உட்கார வைத்து, மனதில் உள்ளதை ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்ல வேண்டும். டார்லின் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். அப்போது அவள் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் திரையிலிருந்து மறைந்தது.

அந்தத் திரும்பல் டெபோராவுக்குச் சமைக்கும்போதுதான் உறைத்தது. அவள் கேட்டது யாரோ ஒரு பெண்ணைப் பற்றி இல்லையோ?

அடுத்த வாரம் டார்லின் வகுப்புக்கு வரவில்லை. டீச்சர் அனுப்பிய செய்தி போய்ச் சேரவே இல்லை. போன் அணைந்து கிடந்தது. வகுப்பில் கேட்டதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதனால் சத்தியநேசனிடமும் சொல்ல முடியவில்லை. அவராகப் பார்த்து, “ஒரு மாதிரி இருக்கியே, பிரஷர் பாத்துட்டு வருவமா?” என்று கேட்டதற்கு, தலைவலி என்று சமாளித்தார்.

திங்கட்கிழமை பொறுக்கமுடியாமல் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய்த் திசையன்விளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். டார்லினின் அம்மா சாரம்மாளைப் பார்த்துவிடலாம் என்று எண்ணம். ஆனால் போய் என்ன சொல்வது? பதறிப்போய் அந்த அம்மா மருமகனுக்குப் போன் போட்டால், அங்கே தனியாக இருக்கிறவள்மேல்தானே அது விடியும்? வண்டி கிளம்ப ஓட்டுநர் ஏறும்போது இறங்கிவிட்டார்.

பயணிகள் உட்காரும் பலகையில் இருந்தபடியே ஈப்போவுக்குப் பேசினார். கல்லூரியில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெர்சிஸ் நிதானமான பெண். எதுவும் நிச்சயமில்லை, மனசு சரியில்லை என்றுதான் டெபோரா ஆரம்பித்தார். பாடப் புத்தகம் கொடுக்கப் போவதுபோல, கணவர் கடையில் இருக்கும் நேரம் டார்லின் வீட்டுக்குப் போங்கள். அவள் தனியாக இருந்தால் மட்டும் கேளுங்கள் என்றார். பெர்சிஸ் சரி என்றார்.

மறுநாள் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தார் டெபோரா. குளிக்கப் போகும்போதும் ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பெர்சிஸ் அழைத்தார். டார்லின் பாடத்தில் கேட்டதைத்தான் செய்திருக்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு கணவனை உட்காரச் சொல்லி, நீங்கள் அடிப்பது எனக்கு வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். இதை யார் சொல்லித்தந்தது என்று கேட்டு அவன் போனை உடைத்தான். தடுத்த கையை முறுக்கினான். மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. அவள் சம்மதத்தோடு மருத்துவமனையில் காட்டிவிட்டு, தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டதாகப் பெர்சிஸ் சொன்னார்.

டெபோரா போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கையை முறுக்கியதில் தனக்கும் பங்குண்டு என்ற நினைப்பு போகவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாரம்மாளே வீடு தேடி வந்துவிட்டார். மருமகன் போனில் என்னென்னவோ சொல்லியிருக்கிறான். கொடுத்த தண்ணீரை அவர் தொடவில்லை.

“ஒங்க பாடத்தைக் கேட்டுத்தான் எம்பிள்ள வீட்ட விட்டு எறங்கிட்டாள்னு சொல்லுதாரு. நல்லா இருந்த குடும்பம் டீச்சர். எங்க ஊர்ல நான் எப்படித் தல காட்டுவேன்?”

டெபோரா போனை எடுத்தார். நடந்ததைச் சொல்லிவிடலாம். ஆனால் அது டார்லின் சொல்ல வேண்டியது. பெர்சிஸை அழைத்து, அம்மா வந்திருக்கிறார், பேசுகிறாயா என்று டார்லினிடம் கேட்கச் சொன்னார். பிறகு போன் திரையில் டார்லின் முகம் தெரிந்தது. டெபோரா போனைச் சாரம்மாள் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து சாரம்மாளின் குரல் மட்டும் கேட்டது. முதலில் கோபமாக இருந்தது, பிறகு நின்றுபோனது. வெகுநேரம் மகள்தான் பேசினாள் போலிருக்கிறது. கடைசியில், “ஏட்டி, சாப்பிட்டியா?” என்று கேட்டு அழுதார்.

போகும்போது அவர் டெபோராவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் எடுக்க எங்கே போகணும் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை டெபோரா அதே பாடத்தை மறுபடி எடுத்தார். நான் போன தடவை சொன்னது முழுமையில்லை என்று தொடங்கினார். அடி இருக்கிற வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள், முதலில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து, வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார். போதகரான ஒரு மாணவர், தேவன் இணைத்ததைப் பிரிக்கலாமா என்று கேட்டார். உயிரோடு இருந்தால்தானே ஐயா இணைந்திருக்க முடியும் என்றார் டெபோரா. திரையில் பெர்சிஸ் பக்கத்தில் கையில் கட்டோடு டார்லின் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் அங்கே ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். கணவன் ஆள் விட்டுக் கூப்பிடுகிறான். அவள் போலீசில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறச் சொல்கிறான். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. சாரம்மாள் மகளிடம் போக பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார். என்ன முடிவெடுப்பாளோ என்று டெபோராவுக்குக் கவலைதான். ஆனால் டார்லின் பேசும்போது, அவள் சொல்லி முடிக்கிறவரை இவர் வாயைத் திறப்பதில்லை.