வடகடலுக்குக் கொண்டுபோன இரு மாலைகள்

ஞாயிறு, முற்பகல்.

வெம்பிளியில் என் தங்கை சரோஜினியின் வீட்டு வாசலிலிருந்து எங்கள் பயணம் தொடங்கிற்று. கப்பல் புறப்படும் டில்பரித் துறைமுகம் அங்கிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து மைல். யூபிலி நிலக்கீழ் இரயில் வழியில் வெஸ்ட் ஹாம் வரை சென்று அங்கே வண்டி மாறினால் சிறு தொகையில் போய்ச் சேரலாம். ஆனால் தங்கையின் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதைச் சனநெரிசலுக்குள் கொண்டுசெல்ல அவள் உடன்படவில்லை. ஆகவே எண்பத்தைந்து பவுணுக்கு ஒரு வாடகைக் கார் பேசினோம்.

பெட்டிக்குள் இரண்டு மணமாலைகள் இருந்தன. சரோஜினி வெள்ளிதோறும் வெஸ்ட் ஈலிங் கோயிலில் மாலை கட்டுகிறவள். விடியுமுன் எழுந்து, மல்லிகையும் சிவப்பு ரோசாவும் சேர்த்து, நான்கு விரற்கடைக்கு ஒரு துளசிக்கொத்து வைத்து, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். மறுநாள் வடகடலின் நடுவில் அவளுடைய ஒரே மகன் நிரூபன், குமார் என்பவனை மணக்க இருந்தான். குமார் மதுரைக்காரன், மருத்துவமனைத் தாதி. இருவரும் ஆறு ஆண்டுகளாக வட லண்டனின் எட்மண்டனில் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள்.

காரோட்டி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஜெர்மனியில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கப்பல் சவாரிக்கு என்ன விசேடம் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் சரோஜினி, மகனுக்குப் பிறந்தநாள் என்றாள். எத்தனையாவது என்று அவர் கேட்டதும் அவள் ஒரு கணம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

"முப்பத்தைஞ்சு."

"முப்பத்தைஞ்சோ? இன்னும் கலியாணம் கட்டி வைக்கேல்லையே, அக்கா?"

"பாக்கிறம்," என்றாள் சரோஜினி, மாலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

வாசகர் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். சட்டம் தடுத்ததனால் இவர்கள் கடலுக்குப் போகவில்லை. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் மணந்துகொள்வதற்கு இந்நாட்டில் தடையில்லாமற் போய்ப் பல ஆண்டுகளாயின. எட்மண்டனிலிருந்து பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் ஒரு பதிவு அலுவலகம் உண்டு. கடல் என்பது சரோஜினியின் நிபந்தனை. லண்டனுக்குள் வேண்டாம், எங்கள் சனம் இல்லாத இடமாகப் பாருங்கள், அப்படியானால் நான் வருவேன், மாலையும் நானே கட்டி என் கையால் எடுத்துத் தருவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். குமாரின் பெற்றோர் மூன்று ஆண்டுகளாக அவனுடைய தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. இருவருக்கும் சேர்த்து எஞ்சியிருந்த தாய் ஒருத்திதான். அவள் வருவாள் என்பதற்காகவே நிரூபன் நிலத்தை விட்டுக் கப்பலைத் தேர்ந்தான்.

ஞாயிறு, பிற்பகல். டில்பரி.

ஆற்றோரத்துச் செங்கற் கட்டடத்தின் முன்னால் நிரூபனும் குமாரும் எங்களுக்காகக் காத்து நின்றார்கள். குமார் பெட்டியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். சோதனை மேசையில் இருந்தவர்கள் சரோஜினியின் கற்பூரப் பொதியையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கப்பலில் நெருப்புக்கு இடமில்லையாம். பூக்களை முகர்ந்து பார்த்துவிட்டு அனுமதித்தார்கள். மாலைகள் சமையற்கூடத்தின் குளிரறைக்குப் போயின.

கப்பலின் பின்புறத்தில் மால்டாவின் கொடி பறந்தது. கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் கடந்துவிட்டால் பிரித்தானியச் சட்டத்தின் கை எட்டாது. கொடி எந்நாட்டினதோ அந்நாட்டுச் சட்டமே கப்பலில் செல்லும். மால்டாவின் கொடியின் கீழ்க் கப்பற்றலைவரே இத்தகைய மணங்களை நடத்திவைக்கலாம். வேறு சில கொடிகளின் கீழ் இயலாது. இதையெல்லாம் நிரூபன் ஓராண்டாகத் தேடிப் படித்திருந்தான். அவன் இரயில்வே சமிக்ஞைப் பொறியியலாளன். எதையும் அரைகுறையாகச் செய்ய அறியாதவன்.

நான்கு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. தேம்ஸ் இவ்விடத்தில் அழகான ஆறன்று. சேற்றுக் கரைகள், எண்ணெய்த் தாங்கிகள், சுமைதூக்கிகள், அவற்றுக்குப் பின்னால் தட்டையான எசெக்ஸ் வயல்கள். கரைகள் விலகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் கரையென்று சொல்ல எதுவும் இல்லாமற் போயிற்று. நிரூபன் தாயின் பக்கத்தில் வந்து நின்றான். "இனி ஒருத்தரும் இல்லை, அம்மா," என்றான். அவள் அவனுடைய கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் இறுக்கம் தளர்ந்ததை நான் அப்போது பார்த்தேன்.

அந்தத் தளர்வு இரவுணவு வரை நீடித்தது.

உணவுக்கூடத்தில், சூப் அண்டாவின் முன்னால், ஒருவர் தம் சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொண்டிருந்தார். அவரைச் சுற்றி முப்பது பேருக்குக் குறையாத தமிழர். லண்டன் முதியோர் குழு ஒன்றின் வருடாந்தச் சுற்றுலா. அவர்களுள் பாதிப்பேர் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு வருகிறவர்கள். வரிசையின் முதலில், தட்டு நிறையச் சோற்றுடன், புஷ்பம் நின்றார். வெள்ளிதோறும் சரோஜினியின் பக்கத்தில் உட்கார்ந்து மாலை கட்டும் அதே புஷ்பம்.

இதை விதியென்று சொல்ல மாட்டேன். மறைத்துச் செய்யும் மணமானாலும் நாள் நல்லதாக இருக்க வேண்டும் என்று சரோஜினி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். டில்பரியிலிருந்து அம்மாதம் புறப்பட்ட மூன்று பயணங்களில் ஒன்று தேய்பிறையிற் பட்டது. இன்னொன்று கரிநாளில் விழுந்தது. எஞ்சியதை அவள் மகனுக்குச் சொன்னாள். முதியோர் குழுவின் செயலாளரும் கடற்பயணம் தொடங்க அதே பஞ்சாங்கத்தைத்தான் புரட்டியிருக்கிறார். எங்கள் சனத்திடமிருந்து ஒளிவதற்கு எங்கள் சனம் தேர்கிற நாளையே தேர்ந்துகொண்ட மதிநுட்பம் எங்களையன்றி வேறெவருக்கும் வாய்க்காது.

"எட சரோ, நீயுமோ? சொல்லவே இல்லை," என்றார் புஷ்பம்.

அண்ணனோடும் மகனோடும் சும்மா வந்ததாகச் சரோஜினி சொன்னாள். புஷ்பத்தின் கண்கள் குமாரிடம் போயின. "இது மகன்ர வேலையிடத்துப் பிள்ளை," என்றாள் சரோஜினி. குமார் அவளுக்காகத் தட்டில் பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். வைத்து முடித்து, தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் நிரூபனும் எழுந்து அவனிடம் போனான்.

திங்கள், முற்பகல். வடகடல்.

ஐந்தாம் தளத்தில் ஒரு சிறு கூடம். சாளரம் முழுவதும் சாம்பல் நிறக் கடல். எட்மண்டனிலிருந்து வந்த நண்பர் அறுவர் உட்கார்ந்திருந்தார்கள்; முன்வரிசையில் ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தது. மணமக்கள் இருவரும் பட்டு வேட்டி கட்டியிருந்தார்கள். கப்பற்றலைவர் கிரேக்கர், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். சடங்குக்குரிய வெள்ளைச் சீருடையில் குறித்த வேளைக்கு வந்துவிட்டார். நிரூபன் சிறிது அவகாசம் கேட்டான். நண்பகலில் தாம் கப்பலைச் செலுத்தும் தளத்துக்குத் திரும்ப வேண்டும், அதுவரை காத்திருக்கலாம் என்று அவர் சொன்னார்.

நான் தங்கையைத் தேடிப் போனேன். அறையில் இல்லை. மேல்தளத்தில், காற்றுக்குத் தலையை மூடிக்கொண்டு, கோயில் பெண்களின் நடுவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே அழைத்தேன்.

"தலை சுத்துது, அண்ணை. என்னாலை ஏலாது. மாலையை நீங்களே எடுத்துக் குடுங்கோ."

"அவன் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"அவைக்குத் தெரிஞ்சால் நான் கோயில் வாசல் மிதிக்கேலுமே?"

நான் தனியே திரும்பி வந்ததை நிரூபன் கண்டான். தலைவரைப் பார்த்துத் தலையசைத்தான். கேள்விகளும் உறுதிமொழிகளும் கால்மணி நேரத்துக்கும் குறைவு. கையொப்பங்கள் இடப்பட்டன. பிறகு நான் குளிரறையிலிருந்து வந்த மாலைகளை எடுத்துக் கொடுத்தேன். பூக்கள் சற்றும் வாடவில்லை. இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். நண்பர்கள் கைதட்டினார்கள். இருவரும் முதலில் என் காலைத் தொட்டு வணங்கினார்கள். அதன்பின் நிரூபன், "அம்மாட்டை ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வருவம்," என்றான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கிருந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் வருவதை முன்னரே சொல்ல எண்ணி நான் உணவுக்கூடத்துக்கு விரைந்தேன். நீண்ட மேசையின் நடுவில் சரோஜினி இருந்தாள். நான் அவளை அடையுமுன் ஒலிபெருக்கியில் கப்பற்றலைவரின் குரல் எழுந்தது. நண்பகலில் கப்பல் இருக்கும் இடம், காற்றின் வேகம், கடலின் ஆழம் ஆகியவற்றை அறிவிப்பது கப்பல்களின் வழக்கம். அவற்றை அறிவித்த பின், சற்றுமுன் நம் கப்பலில் மணம்புரிந்த நிரூபனுக்கும் குமாருக்கும் அனைவர் சார்பிலும் வாழ்த்துக் கூறுவதாகச் சொன்னார். பக்கத்து மேசைகளில் ஆங்கிலேயக் கிழவர்கள் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டி ஆரவாரித்தார்கள்.

தமிழர் மேசையில் ஒருவரும் அசையவில்லை. மிளகாய்த்தூள்காரர் போத்தலின் மூடியைத் திருகினார்.

புஷ்பம்தான் பேசினார். குரலில் கடுமை இல்லை. "சரோ, எங்களுக்குத் தெரியும். இண்டைக்கு நேற்றில்லை, கனகாலம். நீயா வாய் திறப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். எழும்பு, பிள்ளையளிட்டைப் போவம்."

சரோஜினி தலை நிமிர்த்தவில்லை. "அது வேற ஆரோ," என்றாள். "என்ர பிள்ளையின்ர பேரிலை எத்தினை பேர் இருக்கினம்."

நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் இருவரும் மாலையுடன் நின்றார்கள். அவள் சொன்னது அவர்களுக்குக் கேட்டிருந்தது. நிரூபனின் முகமே அதைச் சொல்லிற்று. அவன் மெதுவாக நடந்து வந்தான். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, குலையாமல் இரண்டாக மடித்து, தாயின் முன்னால் வைத்தான்.

"வடிவாக் கட்டியிருக்கிறியள், அம்மா," என்றான். அவ்வளவுதான். இருவரும் போய்விட்டார்கள்.

மேசையிலிருந்த பெண்கள் எல்லாரும் மாலையைப் பார்த்தார்கள். நான்கு விரற்கடைக்கு ஒரு துளசிக்கொத்து, இரட்டை முடிச்சு. வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்கும் அதையே கட்டப் பழக்கியவள் சரோஜினிதான். புஷ்பம் ஒரு முடிச்சை விரலால் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

செவ்வாய், பேர்கன்.

நோர்வேயின் இத்துறைமுகத்தைப் பற்றி நான் எழுதக்கூடியது குறைவு. மழை பெய்தது. மர வீடுகள் மஞ்சளும் சிவப்புமாக நீரில் நிழல் விழுத்தி நின்றன. மலைமேல் ஏறும் கயிற்றுவண்டிக்கு நீண்ட வரிசை. சந்தையில் ஒரு மீன் ரொட்டி லண்டனில் இருவர் வயிறாரச் சாப்பிடும் விலைக்கு விற்றது. புதுமணத்தம்பதியை மலைச்சரிவில் தொலைவிலிருந்து கண்டேன். ஒரே குடையின் கீழ் நடந்தார்கள். சரோஜினி கப்பலை விட்டு இறங்கவில்லை. கோயில் பெண்கள் இப்போது அவளைத் தங்கள் மேசைக்கு அழைப்பதில் முன்னிலும் அக்கறை காட்டினார்கள். நடந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. நோயாளிக்குப் பத்திய உணவு பரிமாறுவதைப் போல மாற்றுப்பேச்சைப் பரிமாறினார்கள். அவள் அதை உண்டாள்.

அன்று மாலை அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மற்ற மாலையையும் குமாரிடமிருந்து வாங்கிவர வேண்டும். அவன் அதைக் குப்பையில் போட்டுவிடுவான். மணமாலையை அப்படிப் போடக் கூடாது என்றாள். நான் போய்ச் சொன்னேன். மாலை அவர்களுடைய அறைக்குள் கண்ணாடிமேல் தொங்கியது.

குமார் மாலையைப் பார்த்தான். "இது எங்ககிட்டயே இருக்கட்டும், மாமா. குப்பையில போட மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிருங்க."

வியாழன், முற்பகல். டில்பரி.

அதே சேற்றுக் கரைகளின் நடுவே கப்பல் திரும்பிற்று. கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் மேசையில் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். நிரூபன் என்னைக் கட்டிக்கொண்டான். தாயின் பயணப்பெட்டியைக் காரில் ஏற்றிவைத்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. பின்னர் இருவரும் புகைவண்டி நிலையத்துக்குப் போகும் பேருந்தில் ஏறினார்கள்.

திரும்பும் பயணத்துக்கும் அதே காரோட்டியைத்தான் பேசியிருந்தோம். பிறந்தநாள் எப்படி என்று கேட்டார்.

"நல்லா நடந்தது, தம்பி. கேக் வெட்டினவை."

அடுத்த முறை கலியாணமாக இருக்க வேண்டும் என்று அவர் வாழ்த்தினார். அவள் நன்றி சொன்னாள்.

லண்டனை நெருங்க நெருங்க வாகனங்கள் மிகுந்தன. ஒரு நாட்டின் சட்டத்துக்கு அப்பால் போய்ச் சேரக் கப்பலுக்குச் சில மணி நேரம் போதுமாயிருந்தது. எங்களுடைய சட்டம் கப்பலில் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கூடவே வருகிறது. அதற்குப் பன்னிரண்டு மைல் எல்லையும் இல்லை, கொடியும் இல்லை. அச்சட்டத்தைக் காப்பவர்கள் என்று தங்கை அஞ்சிய பெண்களோ அதை எப்போதோ கைவிட்டிருந்தார்கள். காவல் நின்றவள் அவள் ஒருத்தியே.

வட சுற்றுவீதியில் கார் நின்று நின்று ஊர்ந்தபோது, அட்டைப்பெட்டி மீண்டும் அவள் மடியில் இருப்பதைக் கவனித்தேன். மூடி சற்றுத் திறந்திருந்தது. நிரூபன் கழற்றி வைத்த மாலை, மல்லிகை பழுப்பேறி, உள்ளே கிடந்தது. இதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"நாளைக்கு வெள்ளியெல்லே. கோயிலுக்குப் போகேக்கை கொண்டுபோய் மரத்தடியிலை போடவேணும். காலிலை மிதிபடக் கூடாது."

சாளரத்தின் வழியே வெயில் பெட்டியில் விழுந்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடினாள். வெம்பிளி வரும்வரை கையை எடுக்கவில்லை. வாடிய பூவுக்கு அவள் செய்த மரியாதையில் யாரும் குறை காண முடியாது.