பழைய கான்கிரீட்டில் வார்த்த முதல் ஸ்லாப்

வார்த்து ஏழு நாள் ஆன க்யூபை, அதாவது கான்கிரீட் சோதனைக் கட்டியை, மெஷினில் வைத்து அழுத்தினேன். வர வேண்டிய ஸ்ட்ரெங்தில் பாதிகூட வரவில்லை, நொறுங்கிவிட்டது. அடுத்த இரண்டும் அப்படியே.

செங்கல் என்ற ஊர்ப் பக்கம், கான்கிரீட் ஸ்லாப்களை வார்த்து அனுப்பும் ஒரு பிரீகாஸ்ட் யார்டில் அப்போது நான் லேப் டெக்னீஷியன். வெள்ளறடை பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசல் ஓடைக்கு மூடி ஸ்லாப் வார்த்துக்கொண்டிருந்தோம். குவாரியில் உடைத்த மெட்டலுக்கு, அதாவது கருங்கல் ஜல்லிக்குப் பதில், இடித்த வீடுகளின் கான்கிரீட்டை உடைத்துச் சலித்த மெட்டல். சிமென்டில் ஒரு பங்குக்குப் பதில் ஃப்ளை ஆஷ், அனல்மின் நிலையச் சாம்பல். எது எவ்வளவு என்ற மிக்ஸ் டிசைன் என்னுடையது.

முதலாளி உடைந்த க்யூபைக் காலால் தள்ளினார்.

"குப்பையெல்லாம் போடாண்டாம்னு அன்னைக்கே பறஞ்சேன். பிள்ளைய நடக்கிய எடமாக்கும்."

ஃப்ளை ஆஷ் கலந்தால் மெதுவாகத்தான் இறுகும். ஆனாலும் இவ்வளவு குறையாது. லேபில் நான் செய்த டிரயல் மிக்ஸ் நன்றாகவே வந்திருந்தது. எனவே யார்டில்தான் சிமென்ட் குறைகிறது என்று முடிவு கட்டினேன். மிக்ஸர் ஆபரேட்டர் செல்லப்பன் அண்ணனைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் பக்கத்தில் போனால் தண்ணீர் ஹோஸைக் கீழே போட்டுவிடுவார். தினமும் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் கட்டிய ஒரு சாக்கோடு போவார். முதலாளியிடம் சொன்னேன்.

அன்று மாலை எல்லோரும் பார்க்க, கேட்டில் அவரை மறித்தார் முதலாளி.

"எலே செல்லப்பா, சாக்கை அவுத்துக் காட்டு."

உள்ளே பலா இலை. யார்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் ஒடித்தது.

"ஆட்டுக்காக்கும்" என்றார். முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. நானே மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று, சிமென்டை எடை பார்த்து, தண்ணீரை அளந்து விட்டேன். டிரம்மில் சுற்றும்போது நன்றாக இருந்த கலவை, மோல்டுக்குப் போவதற்குள் புட்டு மாதிரி உதிர்ந்தது. மோல்டு நிரப்புகிறவர்கள் சத்தம் போட்டார்கள்: "இது எறங்காது மேடம். அண்ணன் இன்னும் வெள்ளம் விடுவாரு!"

அப்போதுதான் விளங்கியது. டிரயலுக்கு எடுத்த மெட்டலைத் தூசு போக நான் கழுவியிருந்தேன். அது ஈரத்தோடு கலவையில் போனது. யார்டில் கிடந்ததோ வெயிலில் காய்ந்த மெட்டல். பழைய கான்கிரீட் தண்ணீரை உறிஞ்சும். அதற்கான கணக்கு என் தாளில் இல்லை. அவர் கண்ணளவில் விட்ட தண்ணீர் கூடிப்போய், ஸ்ட்ரெங்த் விழுந்திருக்கிறது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தவறு என்னுடையது என்றேன். ஆட்டுக்கு இலை போட்டுவிட்டுத் திரும்பினார்.

"வெள்ளம் கூட்டப்பிடாதுன்னு எனக்கும் தெரியும் மக்கா. வேலை நிக்கப்பிடாதேன்னு ஒளிச்சு விட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா பறஞ்சிருப்பேனே. கள்ளனாக்கிட்டியே."

முதலாளியிடமும் சொன்னேன். வார்த்த ஸ்லாப் அத்தனையையும் உடைத்து மறுபடி கிரஷரில் போட்டோம். மெட்டலை முந்தின நாளே நனைத்து வைக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. அதன்பின் மெஷினில் வைத்த க்யூப்கள் தாங்கின. பள்ளிக்கூடத்து ஸ்லாப்கள் இன்றும் விரிசல் இல்லாமல் கிடக்கின்றன.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரிசல்ட் குறைந்தால் முதலில் மிக்ஸர் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே நிற்பவரிடம் கேளுங்கள். சந்தேகம் அதற்குப் பிறகு வரட்டும்.

செல்லப்பன் அண்ணன் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். ஒவ்வொரு பேட்சுக்கும் ஹோஸைத் திறக்குமுன் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். மேடம் என்றுதான் கூப்பிட்டார். சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் மக்கா என்று பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.