லாய்ட் ஹாக்கன்பெரியின் சிவப்பு வட்டங்கள்

எங்கள் டவுன்ஷிப்பில் மிகச் சிறப்பாகக் குறிபார்த்துச் சுடுபவர் யார் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், லாய்ட் ஹாக்கன்பெரி என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு போட்டியை முழுதாகச் சுட்டு முடித்தது எப்போது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அநாகரிகம்.

லாய்ட் சாலைத் துறையில் இருக்கிறார். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரியை ஓட்டிச் சாலையைப் பெயர்ப்பார். கோடையில் அதே லாரியில் தார் கொண்டுவந்து, தாம் பெயர்த்ததைத் தாமே அடைப்பார். பென்சில்வேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் இதைவிட நிரந்தரமான வேலை கிடையாது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஒரே கோடையில் ரோடாவைத் திருமணம் செய்துகொண்டார், இருபத்திரண்டு ரகத் தானியங்கித் துப்பாக்கி ஒன்றையும் வாங்கினார். இரண்டில் ரோடா ஒருமுறைகூடச் சிக்கிக்கொண்டதில்லை என்று அவரே ஒத்துக்கொள்வார்.

துப்பாக்கி சிக்கியது. அதன் ஏற்பாடு எளிமையானதுதான். தோட்டா வெடிக்கும் உதையிலேயே உள்ளே இருக்கும் போல்ட் பின்னால் போகும். போகும்போது காலிக்கூட்டைக் கொக்கியால் இழுத்து வெளியே எறியும். ஸ்பிரிங் தள்ளித் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைக் குழாயின் வாய்க்குள் செருகும். விசையை அழுத்துவது ஒன்றுதான் மனிதனின் வேலை. லாய்டின் துப்பாக்கி மூன்று தோட்டாவுக்கு ஒழுங்காக உழைக்கும். நான்காவதில், காலிக்கூடு வெளியேறும் வழியில் கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். லாய்ட் இடது கையைத் தூக்குவார். நான் சிவப்புப் பென்சிலை எடுப்பேன்.

பென்சில் என் கைக்கு வந்ததற்குக் காரணம் பயம். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் லாய்ட் என்னைக் கிளப்புக்கு அழைத்துப்போனபோது, அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த நிலையில் இருப்பவன் துப்பாக்கியைத் தொடுவானா? வேண்டாம், மதிப்பெண் எழுதுகிறேன் என்றேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எனக்கு ‘புரொபசர்’ என்று பெயர் வைத்தார்கள். நான் வேலை பார்ப்பது மாவட்டத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். பிறகு பச்சை அட்டை வந்தது, குடியுரிமையும் வந்தது. பயத்தை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு வட்டம் என்றால், தவறு துப்பாக்கியினுடையது, ஆளுடையது அல்ல என்று பொருள். அந்தச் சுற்றை மறுபடி சுடலாம். ஒரே போட்டியில் மூன்று வட்டம் விழுந்தால் மொத்தம் போடுவதில்லை, வரிசையில் பெயரும் வராது. லாய்டுக்கு எப்போதும் மூன்று விழும். ஆகவே பத்தொன்பது ஆண்டுகளில் அவர் யாரிடமும் தோற்றதில்லை. தோற்பதற்கு அவரைத் துப்பாக்கி விடவில்லை.

ஆனால் திறமைக்குச் சான்று உண்டு. கிளப் சுவரில், காபி இயந்திரத்துக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு குறி அட்டை தொங்குகிறது. லாய்ட் கிளப்பில் சுட்ட முதல் சுற்று அது. பத்துத் தோட்டா, பத்தும் நடுக்கறுப்பில். அடுத்த சுற்றில் துப்பாக்கி சிக்கியது. அன்றிலிருந்து கிளப்பே அந்த அட்டையைப் பார்த்து, துப்பாக்கி மட்டும் ஒழுங்காக ஓடினால் இந்த மனுஷன் எங்கே போயிருப்பார் என்று பெருமூச்சு விட்டு வருகிறது. அக்டோபரில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப்போடு நடக்கும் போட்டிக்கு ஐந்து பேர் போகலாம். நாங்கள் நான்கு பேரை அனுப்புவோம். ஐந்தாவது இடம் லாய்டுக்கு, துப்பாக்கி சரியாகும் வரை.

அதைச் சரிசெய்ய லாய்ட் எடுத்துக்கொண்ட சிரமத்தைக் குறை சொல்ல முடியாது. கொக்கியை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். போல்ட்டை மாற்றினார். பிறகு விசை, தோட்டா அடுக்கும் மேகசின்கள், கடைசியில் தோளில் பதியும் மரக்கட்டை. பாகங்கள் வந்த பெட்டிகளைக் கராஜில் அடுக்கியிருந்ததில் ரோடாவின் கார் பதினோரு ஆண்டுகளாக வெளியே பனியில் நின்றது. மாற்றாத ஒன்று குழாய். அதில்தான் குறி இருக்கிறது என்பார். குழாயைத் துலக்கவும் மாட்டார். இருபத்திரண்டின் குழாயைத் துலக்கினால் குறி போய்விடும் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் மதம். சபைகள் ஏழு இருக்கின்றன, ஞானஸ்நானத்தைப் பற்றி ஏழும் ஏழு விதமாகச் சொல்லும். இதில் மட்டும் ஒரே குரல். வாங்கிய நாளிலிருந்து ஒரு துணிகூட உள்ளே போனதில்லை என்று சொல்வது இங்கே ஆண்களுக்குள் ஒரு பெருமை. சிக்கும்போதெல்லாம் லாய்ட் மேலே எண்ணெய் ஊற்றினார். மெழுகு பூசிய, மெதுவாகப் போகும் ரகத் தோட்டாவையே வாங்கினார், ஏனென்றால் அந்தப் பத்து அதில்தான் விழுந்தது.

ரோடா பல் மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பல் சுத்தம் செய்கிறார். ஆகஸ்டில், திருமண நாளுக்கு என்ன தரலாம் என்று யோசித்து, லாய்ட் தார் போடப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, துப்பாக்கியைச் சமையல் மேசையில் விரித்த துண்டின் மேல் கிடத்தினார். டார்ச் பிடிக்க என்னை அழைத்தார். தோட்டா இல்லையே என்று மூன்று முறை கேட்டேன்.

“காலிதான்ப்பா. வேணும்னா விரல விட்டுப் பாரு.”

நான் விரலை விடவில்லை. டார்ச்சை மட்டும் பிடித்தேன். ரோடா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சின்ன வட்டக் கண்ணாடியால் குழாயின் வாயை, தோட்டா போய் உட்காரும் அந்தக் குழியை, எட்டிப் பார்த்தார்.

“புகையில மெல்லுற வாய் எத்தனையோ பாத்துட்டேன். இந்த மாதிரி ஒரு வாயப் பாத்ததே இல்ல.”

முப்பத்தொரு ஆண்டுக் கரியும் மெழுகும் ஈயமும் எண்ணெயில் குழைந்து, குழியைச் சுற்றி வளையமாக இறுகியிருந்தது. பல்லில் பிடிக்கும் காரை மாதிரியேதான். தோட்டா அதில் அரைமனதாக நுழைந்தது. வெடித்த கூடு அதைவிட அரைமனதாக வெளியே வந்தது. அதற்குள் போல்ட்டின் வேகம் தீர்ந்துபோனது. எந்தப் புதுப் போல்ட்டாக இருந்தாலும் இதே கதிதான். லாய்ட் மாற்றிய அத்தனையும் நல்ல பாகங்கள். மாற்றாத ஒன்றில்தான் கோளாறு.

ரோடா கரைப்பானைத் தடவி ஊறவிட்டார். வெண்கலத் தூரிகையால் குழியைத் தேய்த்தார். கொக்கியின் நகத்துக்கடியில் இருந்ததை வளைந்த கம்பியால் சுரண்டினார். ஊற்றியிருந்த எண்ணெயை எல்லாம் துடைத்தெடுத்துவிட்டு, போல்ட் ஓடும் தடத்தில் இரண்டே சொட்டு விட்டார். மேகசினைப் பிரித்துக் கழுவினார். மெதுவான தோட்டாவுக்குப் பதில், கடையில் எல்லாரும் வாங்கும் வேகமான ரகத்தில் ஒரு பெட்டி எடுத்துவைத்தார். குழாயின் நீளத்துக்கும் தூரிகை விடப்போகிறாரா என்று கேட்டேன்.

“அந்தப் பக்கமே போகல. தொடக்கூடாதுன்னு கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டான். நமக்கு வாயோட வேல முடிஞ்சுது.”

அன்று மாலை லாய்ட் வீட்டுப் பின்னாலிருக்கும் மண்மேட்டில் சுட்டார். ஐம்பது தோட்டா, ஒரு சிக்கல் இல்லை. தையல் இயந்திரம் மாதிரி ஓடியது. லாய்ட் ரோடாவைத் தூக்கிச் சுற்றினார், முதுகு பிடித்துக்கொண்டதும் இறக்கினார். ஐம்பதும் மண்மேட்டில்தான் பட்டன. அட்டை எதுவும் வைத்திருக்கவில்லை.

கிளப் தலைவர் ஏர்ல் கிரெசிங்கர் ஓய்வுபெற்ற தபால்காரர். செய்தி கொண்டுசேர்ப்பதில் அவருக்கு ஓய்வே இல்லை. புதன்கிழமைக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அணித் தேர்வுப் போட்டி, லாய்டின் துப்பாக்கி ஓடுகிறது, ஐந்தாவது இடம் பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு நிரம்பப்போகிறது. பெட்ரோல் நிலையத்தில் கையைக் குலுக்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் இப்போதே நடுங்குவதாக ஏர்ல் சொன்னார்.

நடுங்கியது லாய்ட் என்று எனக்கு வியாழக்கிழமை தெரிந்தது. நடுக்கத்தில் எனக்கு அனுபவம் உண்டு. சனிக்கிழமை மழை வருமா என்று இரண்டு முறை கேட்டார். வெள்ளிக்கிழமை அவருடைய சுத்தியலைத் திருப்பித் தரப்போனபோது, கராஜில் பழைய பாகங்கள் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். கையில் முதலில் கழற்றிய, நகம் மழுங்கிய கொக்கி. ரோடா கதவருகே வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று லாய்ட் அதைத் திரும்பப் பெட்டியில் போட்டார். போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சனிக்கிழமை மழை வரவில்லை. பதின்மூன்று பேர், ஆளுக்கு ஐந்து சுற்று, சுற்றுக்கு நூறு மதிப்பெண். ரோடா மடக்கு நாற்காலியில், பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாய்ட் முதல் சுற்றைத் தடையில்லாமல் சுட்டார். எழுபத்தொன்று. மற்றவர்கள் எண்பத்தைந்துக்கும் மேலே போயிருந்தார்கள். கை இன்னும் சூடாகவில்லை என்றார்கள். இரண்டாவது அறுபத்தெட்டு. மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கிளப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி சிக்காதா என்று காத்திருந்தது. அது சிக்கவில்லை. ரோடாவின் வேலை அப்படி. என் சிவப்புப் பென்சிலின் முனை கூராகவே இருந்தது.

மொத்தம் முந்நூற்று ஐம்பத்திரண்டு. பதின்மூன்று பேரில் பதினொன்றாவது. பன்னிரண்டாமவருக்குக் கண்ணில் புரை. பதின்மூன்றாமவர் பசு கன்று போடுகிறது என்று பாதியில் போய்விட்டார்.

ஏர்ல் தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். ஒருவர் காபி இயந்திரத்துக்கு மேலே பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்தார். லாய்ட் போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“ரோடா, குழாயையும் துலக்கிட்டியா?”

எல்லாரும் ரோடா பக்கம் திரும்பினார்கள். டார்ச் பிடித்தவன் நான். என்னையும் கேட்டுவிடுவார்களோ என்று மதிப்பெண் பலகைக்குப் பின்னால் குனிந்து, விழாத பென்சிலைத் தேடினேன். ரோடா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். லாய்ட் இப்போது திரும்பி அவரைப் பார்த்தார். முப்பத்தொரு ஆண்டுகளில் அவரிடம் எதையும் அவ்வளவு பணிவாகக் கேட்டிருக்கமாட்டார்.

“ஆமா, லாய்ட். நல்லா வரட்டும்னு அதையும் சேத்துத் துலக்கிட்டேன்.”

கிளப் மூச்சு விட்டது. ஏர்ல் வந்து லாய்டின் தோளில் கை வைத்தார். எத்தனை வருட அழுக்கு என்று ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார். முப்பத்தொன்று என்றதும் இன்னொருவர் தலையை ஆட்டினார். திரும்பப் படிய இரண்டாயிரம் தோட்டாவாவது சுடவேண்டும் என்றார்கள். மூவாயிரம் என்றார் கண்ணில் புரை உள்ளவர். நன்றாகப் பழகிய தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தவளைப் பார்ப்பதுபோல் ரோடாவைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார் என்று ஒரு பெண் பெருந்தன்மையோடு சொன்னார்.

இதை எப்படிக் குறிப்பது என்று ஏர்லைக் கேட்டேன். சிவப்பு சிக்குவதற்கு மட்டும்தான். செயற்குழு அங்கேயே நின்றபடி கூடிப் பேசி, பச்சை வட்டம் என்று முடிவு செய்தது. பச்சை விழுந்தால் மொத்தம் போடவேண்டாம். ஐந்தாவது இடம் லாய்டுக்கே இருக்கும், குழாயில் கரி படியும் வரை.

திரும்பும்போது அவர்கள் வண்டியில் பின்சீட்டில் இருந்தேன். வண்டி பாலம் தாண்டியது.

“சனிக்கிழமைக்குள்ள கராஜுல இருக்கிற பெட்டியெல்லாம் போயிரணும். என் கார் உள்ள நிக்கணும்,” என்றார் ரோடா.

“சரி.”

“அப்புறம் தெனமும் பல்லுக்கு நடுவுல நூல் விட்டு எடுக்கணும்.”

“ரோடா, அது வந்து...”

“தெனமும், லாய்ட்.”

“சரி.”

கார் இப்போது கராஜில் நிற்கிறது. லாய்டின் ஈறுகள் மிக நன்றாக இருப்பதாகப் பல் மருத்துவமனையில் சொல்கிறார்கள். துப்பாக்கி ஒருமுறைகூடச் சிக்கவில்லை. இன்னும் எத்தனை தோட்டா பாக்கி என்று கேட்டால் ஆயிரத்து நானூறு என்கிறார். கோடையில் கேட்டபோது ஆயிரத்து இருநூறு என்றார்.

போன வாரப் போட்டியில் ஐந்து பச்சை வட்டம் போட்டேன். ஐந்து பேருக்கும் மனைவிதான் துலக்கியிருக்கிறார். அந்த மனைவிகளில் ஒருவர் வெளியே கேக் விற்றுக்கொண்டிருந்தார். வீட்டில் துப்பாக்கி எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்று என்னிடம் சொன்னார்.