பயற்றுப் பைக்குள் இருந்த குளிசைகள்

மன்னார் பட்டினத்துக் கந்தோர் ஒன்றில் நான் கிளாக்கராக இருக்கிறேன். மலேரியாக் காய்ச்சல் பரவிய வருடம், பெரியமடுவில் வயல் செய்த என் வாப்பாவுக்குக் கொயினா குளிசைகள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"காய்ச்சல் தொடங்கின உடனே விழுங்குங்கோ வாப்பா. இனிக் கிடைக்காது."

"ஓம் மகன்," என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு வண்டிக்காரரிடம் ஒரு பை பயறு அனுப்பியிருந்தார். "உடன அவிழ்த்துப் பாக்கட்டாம்," என்றார் வண்டிக்காரர். வீட்டில் பழைய பயறே முடியவில்லை. வாப்பா வழக்கமாக அனுப்புவதுதானே என்று பையை மூலையில் வைத்துவிட்டேன். ஆறாம் நாள்தான் என் மனைவி அதை அவிழ்த்தாள். பயற்றுக்கு நடுவே, துணியில் முடிந்தபடி அத்தனை குளிசைகளும் இருந்தன.

அன்றே வண்டி பிடித்துப் போனேன். வாப்பா நினைவில்லாமல் கிடந்தார்.

"பட்டினத்திலயும் காய்ச்சல் எண்டு ஆரோ சொன்னவை," என்றார் உம்மா. "பேரப்பிள்ளைக்கு வேணும் எண்டு அனுப்பிப்போட்டார். அடுத்த நாளே அவருக்குக் காய்ச்சல்."

"எனக்கு ஏன் சொல்லி அனுப்பேல்ல?"

"நீ குளிசையைத் திருப்பிக் கொண்டு வந்திடுவாய் எண்டு அவர் விடேல்ல."

குளிசையைக் கரைத்து வாயில் விட்டோம். கடைவாயால் வழிந்தது. மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் வாப்பா மூச்சடங்கி மௌத்தானார்.

பை வந்த அன்றே அவிழ்த்திருந்தால் ஐந்து நாள் முந்திப் போயிருப்பேன். இப்போது உம்மாவிடமிருந்து எது வந்தாலும், கந்தோர் உடுப்பை மாற்றுமுன் அவிழ்த்துப் பார்க்கிறேன். உம்மாவுக்கு மருந்து கொடுத்தால் விழுங்கும்வரை முன்னால் நிற்கிறேன். போன கிழமையும், "நீ போ மகன், நான் பிறகு குடிக்கிறன்," என்றார்.

நான் போகவில்லை.