கடைசிப் பக்கத்தில் தென்துருவம்

இன்றைக்கும் அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

என் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அவர். தினமும் நெமிலிச்சேரியில் ரயில் ஏறியதும் நோட்டை மடியில் விரித்து இரண்டு வருடம் நான் போட்ட கணக்கை, அவர் தன் பெயரில் மட்டும் கட்டுரையாக வெளியிட்டார். பாடி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் அப்பாவிடம் அதைக் காட்டினேன். மேலிருந்து கீழே விரலை ஓட்டித் தேடினார்.

"இதுல உன் பேரு எங்கம்மா கீது?"

கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பிறகு அதைப் பொறுமையாகப் படித்தேன். வயிற்றெரிச்சல் போய்ச் சிரிப்பு வந்தது. ஒரு குவாண்டம் நிலையை மெல்லச் சுற்றவைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால், சுற்றிய வழியின் வடிவத்தைப் பொறுத்து அதன் கட்டம், அதாவது ஃபேஸ், சற்று நகர்ந்திருக்கும். அந்தக் கட்டத்தை எதிலிருந்து அளப்பது என்பது நம் இஷ்டம். ஆனால் அந்த நிலைகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் கோளம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் சரிவராது. வடதுருவத்துக்குப் பொருந்துவது தென்துருவத்தில் உடைந்துபோகும். இப்படி அளவுகோலை நம் இஷ்டத்துக்கு வைக்கும் கேஜ் கோட்பாடுகளில் அனாமலி என்னும் கோளாறு தலைகாட்டுவதும் இப்படித்தான். வடக்குக் கணக்கை நோட்டின் முன்பக்கத்திலிருந்து எழுதியிருந்தேன். தெற்கை, பள்ளிக்கூடப் பழக்கத்தில், ரஃப் போடுவதுபோல் கடைசிப் பக்கத்திலிருந்து. நோட்டைச் சரிபார்க்க வாங்கிய மனுஷன் முன்பாதியை மட்டும் படமெடுத்திருக்கிறார். அதனால்தான் 'அனாமலி இல்லை' என்று பெருமையாக முடித்திருந்தார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் அந்தக் கட்டுரையையே பேச அவர் வந்தார். கேள்வி நேரம்வரை காத்திருந்து எழுந்தேன்.

"சார், தென்துருவத்துல இந்த ஃபார்முலா என்ன ஆகும்?"

போர்டில் போட்டுப் பார்த்தார். பூஜ்யத்தால் வகுக்கும்படி வந்து நின்றது. அழித்தார், மறுபடி போட்டார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவருக்கு வியர்த்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனித்தது.

கடைசியில் என் பக்கம் பார்க்காமல் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இந்தக் கணக்கு நான் போட்டதில்லை. என் ஸ்டூடண்ட் ஒருத்தி போட்டது. தப்பு அவளோடது."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துக்கொண்டு மேடைக்கு நடந்தேன். கல்லூரிகளில் நான் ஒருநாளும் பேசாத வீட்டுப் பேச்சு அன்று தானாக வந்தது.

"அந்த ஸ்டூடண்ட் நான்தான் சார். மீதிக் கணக்கு இங்க கீது. என் பேரு எங்க கீது?"