தும்மல் மெசின்

என்ரை மனுசனுக்கு எந்த வேலையும் சத்தத்தோடைதான் நடக்கவேணும். கதவு சாத்தினாலும் சத்தம், கோப்பை கழுவினாலும் சத்தம். அப்பிடிப்பட்ட ஆள் கட்டாரிலையிருந்து வந்து, சுவர், மதில், கூரை கழுவிக் குடுக்கிற தொழில் தொடங்கினால் என்ன மெசின் வாங்குவார்? பிரஷர் மெசின்தான். உரும்பிராயிலை நாங்கள் அதை ஸ்டார்ட் பண்ணினால் கோப்பாயிலை நாய் குலைக்கும்.

சீமெந்து மதிலுக்கு அது திறம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அதைப் பிடிச்சார். பாசியோடை சேர்ந்து சுவரும் வந்திட்டுது. கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார ஐயா எழும்பி வந்து, "தம்பி, நான் பாசியை மட்டுந்தானே எடுக்கச் சொன்னனான்" எண்டார். உவ்வளவு பொறுமையான ஆளை நான் வேறை எங்கையும் காணேல்லை. சுவரைப் பூசிக் குடுத்திட்டு வந்து சேர்ந்தம்.

அதுக்குப் பிறகு ஓட்டு வீட்டுக்காரர் ஒருத்தரும் எங்களைக் கூப்பிடேல்லை. மாரி முடிஞ்சால் இஞ்சை ஓடெல்லாம் பாசி பிடிச்சுக் கறுத்துப்போய்க் கிடக்கும். வேலை முழுக்க அதிலைதான். மனுசன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சார். பேந்து ஒரு மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சபடி சொன்னார்: "உது சரிவராதப்பா. ஏஜென்சிப் பெடியன் கேட்டவன். நான் திரும்பக் கட்டாருக்குப் போறன்."

எனக்குப் பொல்லாத கோவம் வந்திட்டுது.

"முந்திப் போனது காணாதோ? பிள்ளையள் உங்களைப் போனுக்குள்ளை இருக்கிற ஆளெண்டு நினைச்சு வளந்தது காணாதோ? இன்னுமொரு மெசின் வாங்குவம். இந்த முறை நான் தெரிஞ்செடுக்கிறன். அதுவும் சரிவராட்டிப் போங்கோ, நான் மறிக்கேல்லை."

வாயாலை சொல்லிப்போட்டன். பேந்து போய் அவற்றை சூட்கேஸைக் கட்டிலுக்கடியிலை இன்னும் உள்ளுக்குத் தள்ளிவிட்டன்.

நான் போனிலை வீடியோ பார்த்து வைச்சிருந்தன். பிரஷரே இல்லாமல் கழுவுற முறை ஒண்டு இருக்கு. கிணத்துக்குப் போடுற குளோரினைக் கொஞ்சம் சவுக்காரத்தோடை கலந்து, மெல்லமாத் தெளிச்சு ஊறவிட்டால் பாசி தானாச் செத்துப்போம். பிறகு தண்ணியாலை அலசினால் சரி. தலைக்கு எண்ணெய் வைச்சு ஊறவிட்டு முழுகிற மாதிரித்தான்.

"அதுக்கேன் புது மெசின்? வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற மெசின் கிடக்குதே" எண்டு மனுசன் அதை முதுகிலை கொழுவிக்கொண்டு எங்கடை குளியலறைச் சுவருக்கு அடிச்சார். ரெண்டு மூண்டு நாள் நல்லா அடிச்சுது. பிறகு உள்ளுக்கிருந்த றப்பரைக் குளோரின் திண்டு, முதுகுப் பக்கத்தாலை ஒழுகத் தொடங்கிச்சுது. அவர் உடுத்திருந்த நீலச் சாரத்திலை பின்பக்கம் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு வெள்ளை விழுந்திட்டுது. திருகோணமலைக் குடாகூட இருந்தது. நான் சிரிச்ச சிரிப்பிலை பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தவை.

ஆனால் அந்தச் சாரம் எனக்கொரு புத்தி சொல்லித் தந்தது. யாழ்ப்பாணம் ரவுண் கடையிலை பற்றரியிலை ஓடுற சின்னப் பம்முகள் வரிசையா இருந்தது. நான் ஒவ்வொரு பம்முக்கும் உள்ளுக்குப் போடுற றப்பர் வாசரைத் தனியாக் கேட்டன்.

"அக்கா, பம் வாங்க வந்தனீங்களோ, வாசர் வாங்க வந்தனீங்களோ?"

"வாசர் நல்லதெண்டால் பம் வாங்குவன் தம்பி."

கொண்டுவந்து, ஒவ்வொண்டையும் ஒவ்வொரு ஜாம் போத்தலிலை குளோரினுக்குள்ளை போட்டு, குசினி யன்னலிலை வைச்சன். மனுசன் ஊறுகாயெண்டு நினைச்சு ஒரு போத்தலைத் திறந்து மணந்து பார்த்து, அரைநாள் இருமினார். ஒரு கிழமையாலை எடுத்துப் பார்த்தால், ஒண்டு ஊதிப்போய்க் கிடந்தது. ஒண்டு விரலோடை ஒட்டிச்சுது. ஒண்டு மட்டும் போட்டபடியே இருந்தது. அந்த வாசர் எந்தப் பம்மின்ரையோ, அதைத்தான் வாங்கினன். மருந்தடிக்கிற மெசினின்ரை பித்தளை முனை குளோரின் பட்டுப் பச்சையாப் போனதாலை, இதுக்குப் பிளாஸ்ரிக் முனை. ஓட்டிலை கால் வைக்காமல் ஏணியிலை நிண்டே முகடுவரைக்கும் எட்டுற நீளக் குழாய். கலவை ஊத்தி வைக்க ஒரு நீலப் பரல், பீப்பா மாதிரி.

மனுசன் சுவிச்சைப் போட்டார். சத்தமே இல்லை. முனையாலை விசிறி மாதிரித் தூறல் வந்திச்சுது.

"உதென்னப்பா, தும்முது?"

அண்டையிலையிருந்து அதுக்குப் பேர் தும்மல் மெசின்.

முதல் வேலை எங்கடை ஊரிலையே ஒரு கலியாண வீடு. பழைய ஓடு, கால் வைச்சால் உடையும், ஆரும் ஏறமாட்டினம் எண்டபடியால்தான் கலியாணப் பொம்பிளையின்ரை தாய் எங்களைக் கூப்பிட்டவ. மழையாலை வேலை பிந்திப்போச்சு. நாங்கள் போகேக்கை முற்றத்து மூலையிலை கன்னிக்கால் நட்டாச்சு. கலியாணத்துக்கு முன்னம் முள்முருக்கந்தடி ஒண்டை நட்டு, சுமங்கலிப் பொம்பிளையள் தண்ணி ஊத்துவினம். அது தளிர்த்தால் சோடியின்ரை வாழ்க்கையும் தளிர்க்குமெண்டு நம்பிக்கை. நான் மல்லிகையை, குரோட்டனையெல்லாம் பொலித்தீனாலை மூடி, கன்னிக்காலையும் சாக்காலை பக்குவமாப் போர்த்துவிட்டன்.

தும்மல் மெசின் தும்மத் தும்ம, கறுப்பு ஓடு மண்ணிறமாகி, மத்தியானத்துக்குள்ளை சிவப்பு வந்திட்டுது. ஒரு ஓடு உடையேல்லை. மனுசன் அண்ணாந்து பார்த்தபடி ஏணியைச் சத்தமில்லாமல் சாத்தி வைச்சார். அது அவரிட்டை வாங்கக்கூடிய பெரிய பாராட்டு. நான் குசினிச் சுவருக்கெண்டு கடும் கலவையா ஒரு வாளி கலந்து கிணத்தடியிலை வைச்சிட்டு, தேய்க்கிற தும்புத்தடி எடுக்கப் போனன்.

அந்த நேரம் பார்த்துப் பருத்தித்துறையாலை பஸ்ஸிலை வந்து இறங்கினா பொம்பிளையின்ரை மாமி. கன்னிக்காலுக்குச் சாக்குப் போட்டிருக்கிறதைக் கண்டு, "ஆரிந்த விசர் வேலை பார்த்தது?" எண்டு இழுத்தெறிஞ்சா. வந்த கையோடை தானும் தண்ணி ஊத்தவேணுமெண்டு, கிணத்தடியிலை இருந்த வாளியைத் தூக்கி முழுக்க ஊத்தினா. வளவு முழுக்கக் குளோரின் மணக்கேக்கை, வாளி மணக்கிறது ஆருக்குத் தெரியும்?

"மாமி, அது தண்ணியில்லை" எண்டு தும்புத்தடியோடை ஓடி வந்தன்.

"வேறை என்ன?"

"குளோரின்."

பொம்பிளையின்ரை தாய் அப்பிடியே படியிலை இருந்திட்டா. "என்ரை பிள்ளையின்ரை கன்னிக்கால்" எண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்குக் கண்ணுக்கு முன்னாலை முருக்கந்தடி தெரியேல்லை, மனுசன்ரை சூட்கேஸ்தான் தெரிஞ்சுது. பொம்பிளையள் வாளியோடை ஓடி வந்தினம். தாய் எழும்பி மறிச்சா: "அள்ளி ஊத்தாதேங்கோ, தடி சரிஞ்சால் அதைவிடக் கூடாத சகுனம்."

மனுசன் ஓடி வந்தார். பம் உறிஞ்சுற குழாயைப் பரலிலையிருந்து இழுத்துக் கிணத்தடித் தண்ணித் தொட்டிக்குள்ளை போட்டார். உள்ளுக்கிருந்த குளோரின் போகுமட்டும் தெருப்பக்கம் அடிச்சு விட்டார். பேந்து குந்தியிருந்து, நுனியிலையிருந்து அடிவரைக்கும் தடியை அலசத் தொடங்கினார். பிரஷர் மெசினெண்டால் கன்னிக்கால் பக்கத்து வளவிலை போய் நட்டிருக்கும். இது அசையவே இல்லை. கதவை அடிச்சுச் சாத்துற அந்தக் கை, பிறந்த பிள்ளையை முழுகவாக்கிற மாதிரித் தண்ணி வாத்துது. அடிமண்ணை விரலாலை வழிச்செடுத்து, புது மண் போட்டு, திரும்பவும் வாத்தார். மாமி பக்கத்திலை நிண்டு, "அங்காலையும் அடி தம்பி, வடிவா அடி" எண்டு மேற்பார்வை.

அதுக்குப் பிறகு மனுசன் ஒவ்வொரு நாளும் கடைக்கெண்டு சொல்லி, கலியாண வீட்டுப் பக்கம் சைக்கிளை விட்டார். கடை இருக்கிறது மற்றப் பக்கம்.

கலியாணத்தண்டு விடிய வெள்ளண்ணப் போனம். எல்லாரும் பந்தலுக்குப் போக, அவர் நேரை மூலைக்குப் போனார். நானும் பின்னாலை போனன். முருக்கந்தடியிலை, முள்ளுக்குப் பக்கத்திலை, அரிசிமணி அளவிலை ஒரு பச்சை. அவர் அதைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்தார். அந்த நேரம் போன் அடிச்சுது. ஏஜென்சிப் பெடியன்.

"இல்லைத் தம்பி, நான் வரேல்லை" எண்டார், வளவு முழுக்கக் கேக்க. "இஞ்சை முருக்கு தளிர்த்திட்டுது."

அந்தப் பெடியனுக்கு ஒண்டும் விளங்கியிராது. நான் சேலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிண்டன். மாமி கிட்ட வந்து பார்த்தா.

"ஏன் பிள்ளை, இன்னும் குளோரின் எரியுதோ?"

"ஓம் மாமி" எண்டன்.